நிறை குறைக்கப் போன இடத்தில் பிடிபட்ட ஓட்டை

இருபத்திரண்டு வருடமாக நான் பத்தாம், பதினோராம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சுவாசத் தொகுதி பாடம் வந்தால் கரும்பலகையில் நெஞ்சறையை வரைந்து, அடியில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வளைகோடு இழுத்து, பக்கத்தில் ‘பிரிமென்றகடு’ என்று எழுதுவேன், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத்தட்டு அது. ஒரு தடவைகூட அந்தக் கோட்டில் நான் இடைவெளி விட்டதில்லை. சமிபாட்டுத் தொகுதி வருகிற அன்றைக்கு வாயிலிருந்து களத்தை, அதாவது உணவுக்குழாயை, நேரே இரைப்பைக்கு இழுப்பேன், அந்தப் படத்தில் பிரிமென்றகடு இருக்காது. இந்தப் படத்தில் களம் இருக்காது. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்திருந்தால், விழுங்குகிற சோறு வயிற்றுக்குப் போக அந்தச் சட்டியில் ஓர் ஓட்டை இருந்தாக வேண்டுமே என்று ஏதாவது ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கும். எனக்கும் உறைத்திருக்கும்.

உறைத்தது 46 வயதில், கொழும்பில், ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் மேசைக்கு முன்னால் இருந்தபோது.

நான் அங்கே போனது ஓட்டைக்காக அல்ல, நிறைக்காக. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 106 கிலோ, அதாவது உடற்திணிவுச் சுட்டி 42 க்கு மேல். எங்கள் ஆசிய உடம்புகளுக்கு 27.5 இலிருந்தே நிறை குறைக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம் என்று 2022 இல் வந்த சர்வதேச வழிகாட்டல் சொல்கிறது, நான் அந்தக் கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தேன். சீனி வருத்தம் ஒன்பது வருடம், பிரஷர் ஐந்து வருடம், முழங்கால் நோவு எப்போது தொடங்கியதென்று ஞாபகமில்லை. நடை, உணவுக்கட்டுப்பாடு, இரவில் குரக்கன் புட்டு எல்லாம் செய்து 11 கிலோ குறைத்து, அடுத்த வருடம் 14 கிலோ கூட்டிக்கொண்ட கதை உங்களில் பாதிப்பேருக்கு இருக்கும், அதை விரித்து எழுதப்போவதில்லை. லண்டனில் இருக்கிற தம்பி “அக்கா, காசை நான் பாக்கிறன், நீங்கள் செய்யுங்கோ” என்றான். சரி என்று கிளம்பினேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர்தான்: ஸ்லீவ். இரைப்பையில் ஏறத்தாழ முக்கால்வாசியை, சில இடங்களில் ஐந்தில் நாலு பங்கை, நீளவாட்டில் ஸ்டேப்ளரால் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விடுவார்கள். கனடாவில் இருக்கிற என் மச்சாள் செய்திருந்தாள். அவள் முதல் வருடமே 38 கிலோ குறைந்து, படங்களில் ஆள் அடையாளம் தெரியாமல் நின்றாள். எனக்கும் அதுதான் வேண்டும் என்று சொல்லத்தான் கொழும்புக்கு பஸ் ஏறினேன். பின்னால் நடந்ததை அவள் அப்போது யாருக்கும் சொல்லவில்லை. அது பிறகு வருகிறது.

டொக்டர் சீனியைக் கேட்டார், குறட்டையைக் கேட்டார், மாதவிடாயைக் கேட்டார். பிறகு, “ரீச்சர், நெஞ்செரிவு இருக்கோ?” என்றார்.

“இல்லை சேர். காஸ்ரைட்டிஸ் மட்டும்தான்.”

அவர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். “யாழ்ப்பாணத்தில காஸ்ரைட்டிஸ் இல்லாத ஆள் ஆர்? அந்தக் காஸ்ரைட்டிஸ் என்ன செய்யும், அதைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தால் புளித்தண்ணி தொண்டைக்கு வரும். மூன்று தலையணை. அதுவும் போதாமல், கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இவர், என் கணவர், ஆளுக்கொரு செங்கல் வைத்திருந்தார். குனிந்து கூட்டினால் சாப்பிட்டது மேலே வரும். விடியப்புறத்தில் இருமல், அதைத் தொய்வு (ஆஸ்மா) என்று சொல்லி இழுக்கிற மருந்து தந்திருந்தார்கள். பாடசாலையில் குரல் கட்டும், அதை வெண்கட்டித் தூசி என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ஒருமுறை நெஞ்சு குத்தி ஈசீஜி எடுத்து, இருதயம் நல்லாயிருக்கு, வாய்வுக்குத்து என்று அனுப்பிவிட்டார்கள். அமிலத்தைக் குறைக்கிற ஒமிப்பிரசோல் குளிசையை மருந்துக்கடையில் நானே வாங்கிப் போடுவேன், வைத்தியரின் துண்டு கேட்க மாட்டார்கள். அம்மா ஓமத்தண்ணி அவித்துத் தருவா. ஓமமும் ஒமிப்பிரசோலுமாக ஓடியது என் வண்டி.

எங்கள் ஊரில் நெஞ்சுக்குழிக்கும் தொப்புளுக்கும் இடையில் என்ன நடந்தாலும் அதற்குக் காஸ்ரைட்டிஸ் என்று பெயர். உண்மையில் அந்தச் சொல்லுக்கு இரைப்பையின் உட்சுவர் அழன்றிருக்கிறது என்று பொருள், அது வேறு. எனக்கு இருந்தது அமிலம் மேலே ஏறுவது, அதாவது எதுக்களிப்பு. பெயரைப் பிழையாக வைத்ததால் பத்து வருடம் யாரும், நான் உட்பட, வேறு ஒன்றையும் தேடவில்லை. விஞ்ஞான ரீச்சர் வேறு.

“அப்ப முதல்ல கமராவை உள்ளுக்க விட்டுப் பாப்பம். அதுக்குப் பிறகுதான் எந்த ஒப்பரேஷன் எண்டு கதைக்கலாம்,” என்றார்.

எண்டொஸ்கொப்பி பெரிய வேதனை இல்லை. தொண்டைக்கு மரக்கச் செய்கிற மருந்தை அடித்து, சரிந்து படுக்கவைத்து, பத்து நிமிடத்தில் முடிந்தது. வந்த அறிக்கைதான் வேதனை. களமும் இரைப்பையும் சேர்கிற கோடு முன்பல்லிலிருந்து 35 சென்ரிமீற்றரில், பிரிமென்றகடு நெரிக்கிற இடம் 39 இல். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியவை. இடையில் உள்ள அந்த 4 சென்ரிமீற்றரும் நெஞ்சறைக்குள் ஏறிக் குடியிருக்கிற என் இரைப்பை. களத்தின் கீழ்ப்பாகம் புண்ணாகி இருந்தது. அதை லொஸ் ஏஞ்சலிஸ் அளவுகோல் என்று A இலிருந்து D வரை நாலு படியாகச் சொல்வார்கள், எனக்கு மூன்றாவது படி. துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில், அமிலம் பட்டுப் பட்டு களத்தின் தோலே குடல் மாதிரி மாறுகிற ‘பரெற்’ நிலைமை இல்லை என்று வந்தது. அது இருந்திருந்தால் புற்றுநோய்ப் பயமும் சேர்ந்திருக்கும்.

டொக்டர் ஒரு தாளை எடுத்து, நான் வகுப்பில் வரைகிற அதே கவிழ்த்த சட்டியை வரைந்தார். அதில் மூன்று ஓட்டை போட்டார். ஒன்று கீழ்ப்பெருநாளத்துக்கு, ஒன்று களத்துக்கு, பின்னால் முள்ளந்தண்டோடு ஒட்டி ஒன்று பெருநாடிக்கு. முதலாவது எட்டாவது நெஞ்சு முள்ளந்தண்டு மட்டத்தில், இரண்டாவது பத்தாவதில், மூன்றாவது பன்னிரண்டாவதில். எட்டு, பத்து, பன்னிரண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இவ்வளவு வசதியான ஒன்றை எனக்கு இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே என்று அந்த நேரத்திலும் எரிச்சல் வந்தது.

முள்ளந்தண்டிலிருந்து இரண்டு தசைப்பட்டைகள் மேலே ஏறி, சாரத்தின் இரண்டு தலைப்பையும் மாற்றிச் செருகுவது மாதிரி களத்தைச் சுற்றிப் பிடிக்கின்றன. அவற்றுக்கு லத்தீனில் ‘கால்கள்’ என்றே பெயராம். களத்தின் அடியில் உள்ள வால்வும், இந்தத் தசைக் கால்களின் பிடியும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால்தான் அமிலம் மேலே வராமல் நிற்கும். வயிற்றுக்குள் கொழுப்பு நிறைந்து அழுத்தம் கூடினால் நாள் முழுக்க ஆரோ கீழேயிருந்து இரைப்பையை மேலே தள்ளுகிற மாதிரி. வருடக்கணக்கில் தள்ளினால் பிடி தளரும், ஓட்டை பெருக்கும், இரைப்பையின் தலை மேலே வழுக்கும். வால்வு ஒரு இடம், பிடி ஒரு இடம். இரைப்பை இந்த ஓட்டையால் ஏறுவதற்கு ஹேர்ணியா என்று பெயர், இப்படி வழுக்கி ஏறுவதுதான் இந்த வகை ஹேர்ணியாக்களில் 95 வீதம் வரை. மிச்சத்தில் இரைப்பை களத்துக்குப் பக்கத்தால் சுருண்டு ஏறும், அது முறுக்கிக்கொண்டால் அவசரம்.

ஹேர்ணியா என்றால் எங்கள் ஊரில் அடிவயிற்றில் வருவது, ஆண்களுக்கு வருவது, வெளியில் வீங்கித் தெரிவது. நெஞ்சுக்குள் ஒரு ஹேர்ணியா இருக்கலாம், அதை வெளியிலிருந்து கண்ணாலும் கையாலும் பிடிக்க முடியாது என்பதை நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்த மூன்று நாள் எடுத்தது. “நெஞ்சுக்க எப்பிடிப் பிள்ளை குடல் இறங்கும்?” இறங்கவில்லை அம்மா, ஏறியிருக்கு.

அப்புறம் வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. “உங்களுக்கு நான் ஸ்லீவ் செய்ய மாட்டன்,” என்றார் டொக்டர்.

காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். முழு இரைப்பை ஒரு பை. மேற்பகுதி பலூன் மாதிரி விரிந்து கொடுக்கும், அதனால் உள்ளே அழுத்தம் ஏறாது. ஸ்லீவில் அந்த விரிகிற பகுதிதான் வெட்டப்படுகிறது. மிஞ்சுவது விரியாத ஒரு ஒடுங்கிய குழாய், அதன் அடிவாசல் வழமைபோல் மூடித் திறக்கிற வாசல். சைக்கிள் டியூப்பில் தண்ணியை நிரப்பி ஒரு பக்கத்தைப் பொத்தினால் மற்றப் பக்கத்தால்தானே வரும். போதாததற்கு, களம் இரைப்பையில் சேர்கிற மூலையில் ஒரு கூரிய மடிப்பு இருக்கிறது, அதுவும் ஒரு இயற்கைக் கதவு, ஸ்டேப்ளர் அந்த மூலைக்குக் கிட்டப் போகும்போது அதுவும் குலையும். இவ்வளவுக்கும் மேலே ஹேர்ணியாவும் இருந்தால்?

ஹேர்ணியாவைப் பார்க்காமல் ஸ்லீவ் வெட்டினால் இன்னொரு கூத்து. மேலே நெஞ்சுக்குள் ஒளிந்திருக்கிற இரைப்பைத் துண்டு ஸ்டேப்ளருக்கு அகப்படாது. வெட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிற பகுதி மேலே குட்டிப் பையாக இருந்து அமிலம் சுரந்துகொண்டிருக்கும்.

இலக்கமும் தந்தார். நான் கேட்டதால் தந்தார், கணக்கு இல்லாமல் எனக்கு எதுவும் மண்டைக்குள் ஏறாது. பைபாஸ் என்று, சாப்பாட்டை இரைப்பையின் பெரும்பகுதியைச் சுற்றி அனுப்புகிற இன்னொரு சத்திரசிகிச்சை இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் ஆட்களை ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் சீட்டுப் போட்டுப் பிரித்து ஐந்து வருடம் பார்த்த ஆய்வு 2018 இல் வந்தது. முன்பே எதுக்களிப்பு இருந்தவர்களில் பைபாஸுக்குப் பிறகு 60.4 வீதமானோருக்கு அது நின்றுபோனது, ஸ்லீவுக்குப் பிறகு 25 வீதத்துக்குத்தான். கூடிப்போனது ஸ்லீவில் 31.8 வீதம், பைபாஸில் 6.3 வீதம். பின்லாந்தில் இதேபோல் 240 பேரில் தொடங்கி, பத்து வருடத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு எண்டொஸ்கொப்பி செய்து பார்த்தார்கள், 2022 இல் வெளியிட்டார்கள்: களம் புண்ணாகியிருந்தது ஸ்லீவ் செய்தவர்களில் 31 வீதம், பைபாஸில் 7 வீதம். பரெற் நிலைமை மட்டும் இரண்டு பக்கமும் ஒரே அளவு, 4 வீதம். ஸ்லீவ் கூடாது என்பதல்ல இதன் பொருள். உலகில் ஆகக்கூடுதலாகச் செய்யப்படுகிற நிறைகுறைப்புச் சத்திரசிகிச்சை அதுதான், எதுக்களிப்பு இல்லாத ஆட்களுக்கு நல்ல சத்திரசிகிச்சை. சின்ன ஹேர்ணியா என்றால் அதைத் தைத்துவிட்டு ஸ்லீவ் செய்கிற நிபுணர்களும் நிறையப்பேர், அதில் எதுக்களிப்பு எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. என் 4 சென்ரிமீற்றருக்கும் மூன்றாம் படிப் புண்ணுக்கும் அவருடைய மனம் இடம் தரவில்லை.

அன்றிரவு மச்சாளுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். “ஸ்லீவ் செய்யேலாதாம், நெஞ்சில ஓட்டையாம்” என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு சொன்னாள். அவள் செய்துகொண்டது கனடாவில் இல்லை, மலிவு என்று வேறொரு நாட்டுக்குப் போய். போன அடுத்த நாளே தியேட்டர். எண்டொஸ்கொப்பி ஒன்றும் செய்யவில்லை, நெஞ்செரிவு உண்டா என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தது, அவளும் என்னைப்போல் ‘இல்லை’ என்று புள்ளடி போட்டாள். காஸ்ரைட்டிஸ் நெஞ்செரிவா என்ன? முதல் ஒன்றரை வருடம் நன்றாக இருந்தது. நிறை குறையக் குறைய ஓட்டையைச் சுற்றி நிரப்பிக்கொண்டிருந்த கொழுப்பும் கரைந்தது, இருந்த சின்ன ஓட்டை இடம் விட்டது, ஒடுங்கின குழாய் வழுக்கி நெஞ்சுக்குள் ஏறியது. பெரிய இரைப்பை ஏறுவதைவிட ஒல்லியான குழாய் ஏறுவது லேசு, யோசித்தால் விளங்கும். மூன்று வருடம் இருந்தபடி நித்திரை கொண்டாள். படம் போடுவதை ஏன் நிற்பாட்டினாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் கனடாவில் இரண்டாவது சத்திரசிகிச்சை: குழாயைக் கீழே இழுத்து, ஓட்டையைத் தைத்து, ஸ்லீவைப் பைபாஸாக மாற்றினார்கள்.

“ஏன்டி சொல்லேல்லை?”

“காசைக் குடுத்து வருத்தத்தை வாங்கினதெண்டு சனம் கதைக்கும்.”

கதைக்கும்தான். அதனால்தான் இதை அவளுடைய அனுமதியோடு எழுதுகிறேன்.

எனக்கும் டொக்டர் சொன்னது பைபாஸ்தான், கூடவே ஓட்டையைத் தைப்பதும். பைபாஸ் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். இரைப்பையின் மேல் நுனியில் ஒரு கோழிமுட்டையைவிடச் சின்னதாக, 30 மில்லிலீற்றர் அளவில், ஒரு பையை மட்டும் பிரித்துவிட்டு, சிறுகுடலைக் கீழே வெட்டி மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு பொருத்துவார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அதன் வழியே போகாது. அந்தக் குட்டிப் பையில் அமிலம் சுரக்கும் கலங்கள் கொஞ்சம்தான். பித்தம் வந்து சேருகிற இடம் ஒரு மீற்றர் அளவுக்குக் கீழே தள்ளிப்போய்விடும். ஏறிவர ஒன்றும் பெரிதாக இல்லை. 1966 இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வேட் மேசன் தொடங்கியது, பிறகு பலர் கைபட்டு இன்றைய வடிவத்துக்கு வந்தது.

நான் கேட்டேன்: “நிறை கூடாத ஆக்களுக்கு இந்த ஹேர்ணியாவை எப்பிடிச் செய்யிறவை?” ஓட்டையைத் தைத்துவிட்டு, இரைப்பையின் மேற்பகுதியைச் சால்வை மாதிரி களத்தைச் சுற்றிப் போர்த்தித் தைப்பார்களாம். ருடோல்ஃப் நிஸ்ஸென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1956 இல் எழுதிவைத்த முறை. நிறை கூடின ஆட்களுக்கு அதை மட்டும் செய்தால் கீழிருந்து தள்ளுகிற அழுத்தம் அப்படியே இருக்கும், தையல் தாக்குப்பிடிக்கிற வாய்ப்புக் குறைவு. ஸ்லீவ் செய்துவிட்டால் போர்த்தச் சால்வையே இருக்காது, வெட்டி எறிந்தாயிற்று. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு ஓட்டையைத் தைப்பதும் அழுத்தத்தைக் குறைப்பதும் ஒரே நாளில் நடப்பதுதான் நியாயம்.

அதற்கு முன் 14 நாள் விரதம். ஈரலில் கொழுப்பு இருந்தால் அதன் இடது பாகம் வீங்கி, சரியாக அந்த ஓட்டைக்கு மேலே மூடிக்கொண்டு கிடக்குமாம், அதைச் சுருக்க மாப்பொருளை நிறுத்த வேண்டும். சோறில்லை, புட்டில்லை, பாணில்லை. கந்தசட்டி ஆறு நாளும் இளநீரோடு பிடிக்கிற எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கந்தசட்டியில் வீட்டில் ஒருவரும் மீன் பொரிப்பதில்லை என்பதை மறந்துபோனேன்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, மறுபக்கம் சிங்களத்தில். தமிழ் இல்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் கூட வந்த இவருக்கும் அம்மாவுக்கும் விளங்க வேண்டுமே. கேட்டேன், “முடிஞ்சிட்டுது, அடிக்கக் குடுத்திருக்கு” என்றார்கள். நான் இருக்கிறது மானிப்பாய்க்குக் கிட்ட. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் எங்கள் மானிப்பாயில்தான் மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். பொஸ்ரனுக்குப் பக்கத்து மனிசன் தமிழ்ச்சொல் தேடிப் படிப்பித்த வேலைக்கு இன்றைக்கு ஒரு படிவம் அச்சடிக்க முடியவில்லை. அன்று இரவு வார்ட் கட்டிலில் இருந்து நானே ஒரு கொப்பித்தாளில் தமிழில் எழுதி இவருக்குக் கொடுத்தேன். எழுதும்போதுதான் எனக்கும் முழுதாக விளங்கியது.

தியேட்டரில் நடந்தது எனக்குத் தெரியாது, டொக்டர் பிறகு காணொளியை ஓடவிட்டுக் காட்டினார். எல்லோரும் பார்க்க விரும்ப மாட்டார்கள், நான் இரண்டு தரம் பார்த்தேன். வயிற்றில் ஐந்து சின்னத் துளை, காபனீரொட்சைட்டு நிரப்பி வயிறு கூடாரம் மாதிரி. ஈரலைத் தூக்கிப் பிடித்ததும் ஓட்டை தெரிகிறது, இரைப்பையின் ஒரு பக்கம் அதற்குள் போய் மறைகிறது, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி. முதலில் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வைப் பிரித்து, இரைப்பையை மெதுவாகக் கீழே இழுக்கிறார்கள். நெஞ்சுக்குள் கொஞ்சத் தூரம் களத்தைச் சுற்றி விடுவித்தால்தான் அது இழுபடாமல் கீழே வந்து நிற்கும், இரண்டு மூன்று சென்ரிமீற்றர் களம் வயிற்றுப் பக்கம் சும்மா கிடக்க வேண்டும், ஆரும் பிடித்துக்கொண்டிராமல். இழுத்துப் பிடித்துத் தைத்தால் றப்பர் மாதிரித் திரும்ப ஏறிவிடும். களத்தின் முன்னும் பின்னும் வேகஸ் நரம்பு ஓடுகிறது, அதைத் தொடக்கூடாது. இரண்டு பக்கமும் நுரையீரலின் உறை, அது கிழிந்தால் வாயு நெஞ்சுக்குள் போகும்.

அதற்குப் பிறகு தையல். களத்துக்குப் பின்பக்கம் அந்த இரண்டு தசைக் கால்களையும் சேர்த்துக் கரையாத நூலால் மூன்று தையல். மூன்றே மூன்று! இவ்வளவு கதைக்கும் மூன்று தையலா என்று எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஆனால் அந்த மூன்றிலும்தான் கைப்பக்குவம். கூட இறுக்கினால் சோறு தொண்டையில் நிற்கும். தளர விட்டால் செய்யாததற்குச் சமன். தைக்கிற இடமோ துணி இல்லை, தசை. நீளவாட்டில் நார் நாராகப் பிரிகிற தசை, நூல் அறுத்துக்கொண்டு வரும். அதுவும் ஓய்வே இல்லாத தசை, மூச்சு விடுகிற ஒவ்வொரு தடவையும், ஒரு நாளைக்கு இருபதாயிரம் தடவை, அசைகிறது.

“வலை வைச்சுத் தைக்கேலாதோ? அடிவயிற்று ஹேர்ணியாவுக்கு வைக்கினமே,” என்று கேட்டிருந்தேன். வைக்கலாம், ஆனால் செயற்கை வலை அசைந்துகொண்டிருக்கிற களத்தில் உராய்ந்து உராய்ந்து உள்ளே புகுந்துவிட்ட கதைகள் உண்டு. விலங்குத் திசுவிலிருந்து செய்த, உடம்பில் கரைந்துபோகிற வலையை பெரிய ஹேர்ணியாக்காரரில் சீட்டுப் போட்டுப் பரிசோதித்தார்கள் அமெரிக்காவில். 2006 இல் ஆறு மாத முடிவு வந்தது: வலையில்லாமல் 24 வீதத்துக்குத் திரும்ப வந்தது, வலையோடு 9 வீதத்துக்குத்தான். எல்லோருக்கும் சந்தோஷம். அதே ஆட்களைத் திரும்பப் பார்த்து 2011 இல் எழுதினார்கள்: வலையில்லாமல் 59, வலையோடு 54. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. திரும்ப வந்தவர்களில் பலருக்குப் படத்தில்தான் தெரிந்தது, உடம்பில் கரைச்சல் இல்லை. இதை டொக்டர் சத்திரசிகிச்சைக்கு முன்னமே எனக்குச் சொன்னார், அதற்காகவே அவரில் எனக்கு மரியாதை. தைத்தது காலத்துக்கும் நிற்கும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

கண் விழித்தபோது வயிறு நோகவில்லை, தோள்மூட்டு நொந்தது. வலது தோள், ஆரோ முறுக்கின மாதிரி. தாதி சொன்னா வாயுவால் என்று. பிரிமென்றகட்டுக்கு வருகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது, தோளின் உணர்வும் அதே இடத்திலிருந்து, அதனால் அடியில் உறுத்தினால் மூளை தோள் என்று நினைக்கும். நோவுக்கு நடுவிலும் அது எனக்குப் பிடித்திருந்தது.

வாந்தி எடுக்கக்கூடாது என்பதுதான் முதல் கட்டளை. ஒரு பலத்த ஓங்காளம் போதும், புதுத் தையல் கிழிய. ஓங்காளம் வருமுன்னமே மருந்து ஏற்றினார்கள். இருமக்கூடாது, முக்கக்கூடாது, ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. எங்கள் வீட்டில் மோட்டர் இருந்தாலும் மின்சாரம் போனால் கிணற்றில் அள்ளித்தான் ஆக வேண்டும், அந்த ஆறு கிழமையும் இவர் அள்ளினார், அயலுக்கு அதுவும் ஒரு செய்தி. முதல் இரண்டு கிழமை தண்ணிப்பதம்: மோர், வடித்த ரசம், பருப்புத்தண்ணி, மீன் அவித்த சாறு. பிறகு குழையல். ஒரு சின்னக் கரண்டியை நாக்கில் வைத்து, இறங்கிவிட்டதா என்று காத்திருந்து, அடுத்தது. பிட்டு மூன்றாம் மாதம்வரை இறங்கவில்லை, மாவு மேலே நின்று நெஞ்சை அடைத்தது. நல்லூர்த் தேருக்குப் போன இடத்தில் ஆரோ தந்த சர்க்கரைப் பொங்கலில் மூன்று வாய் வைத்தேன், பத்து நிமிடத்தில் வேர்த்து, நெஞ்சு படபடத்து, வீதி ஓரமாகக் குந்திவிட்டேன். பைபாஸ்காரருக்கு இனிப்பு வேகமாகக் குடலுக்குள் விழுந்தால் அப்படித்தான். சாமி தந்த பாடம் என்றா அம்மா.

வேறும் உண்டு, மறைக்கக்கூடாது. இரும்பு, பீ12, கல்சியம், விற்றமின் டீ ஆகியவை வாழ்நாள் முழுக்க. முழங்காலுக்குப் போடுகிற டைக்குளோபெனாக் மாதிரிக் குளிசைகள் இனி இல்லை, பொருத்தின இடத்தில் புண் வரும். குடலைக் கொண்டுபோன வழியில் உண்டாகிற இடுக்குகளையும் தைத்துத்தான் விடுகிறார்கள், இருந்தாலும் நிறை குறைந்தபின் அவற்றுக்குள் குடல் போய் நெரிபடலாம், திடீர் வயிற்றுக்குத்து என்றால் உடனே ஓட வேண்டும். ஆக, ஒரு ஓட்டையை மூடப்போய் வேறு ஓட்டைகளுக்குக் காவல் இருக்கிறேன்.

ஒரு வருடத்தில் 106 இலிருந்து 71. சீனிக் குளிசை நின்றுவிட்டது. இழுக்கிற மருந்தும் நின்றது, தொய்வென்று ஒன்று எனக்கு இருந்ததே இல்லை என்கிறார்கள் இப்போது. செத்தவீடு கலியாணவீடு எங்கே போனாலும் “என்ன ரீச்சர் இப்பிடி உருகிப் போனியள், ஏதும் வருத்தமோ?” குண்டாக இருந்தபோது ஆரும் வருத்தமோ என்று கேட்டதில்லை, அப்போதுதான் எனக்கு மெய்யாகவே வருத்தம் இருந்தது.

மச்சாளும் நானும் இப்போது கிழமைக்கு ஒருக்கால் கதைக்கிறோம், பெரும்பாலும் என்ன சாப்பிட முடிந்தது என்பதைப் பற்றி. நிறை குறைக்கப் போகிறேன் என்று ஆராவது எங்களைக் கேட்டால் இரண்டுபேரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: படுத்தால் புளித்தண்ணி வருதோ? வருகுது என்றால், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி, கத்திக்கு முதல் கமரா. “செய்யமாட்டம், தேவையில்லை” என்று சொல்கிற இடமாக இருந்தால் எழும்பி வாருங்கள், இதில் எனக்கு நாசூக்கு இல்லை.

போன மாசியில் ஒன்றரை வருடப் பரிசோதனைக்குப் போனேன். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மேலே ஏறியிருக்கிறதாம்.

“நெஞ்செரிவு இருக்கோ?”

“இல்லை சேர்.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன், “காஸ்ரைட்டிஸும் இல்லை.”

“அப்ப விடுவம். வருசத்துக்கு ஒருக்கால் பாப்பம்.”

அவ்வளவுதான். திரும்பி வரும்போது யாழ்தேவி ரயிலில் வவுனியாவரைக்கும் அந்த ஒரு சென்ரிமீற்றரையே யோசித்துக்கொண்டு வந்தேன், அதற்குப் பிறகு நித்திரை. கிட்டடியில் அறை கூட்டும்போது இவர் கேட்டார், “இப்ப ஒரு தலையணையோடதானே படுக்கிறீர், இந்தக் கட்டில் கால் செங்கல் ரெண்டையும் எடுக்கட்டோ?”

“கிடக்கட்டும்,” என்றேன்.